வெறும் பெட்டியை நீயே வெச்சுக்கோ

இல்ல சார், நீங்களே சொல்லுங்க. நான் வந்து உக்காந்து முக்கா மணி நேரம் ஆச்சு. ஒரு வாய் தண்ணி வேணுமான்னு ஒருத்தன் கேக்கல. கூடப் பொறந்த அக்கா புருஷன் சார் நான்! வழியில போறவன் இல்ல. "உக்காருங்க, வேலை ஓடுது"ன்னான். அவ்வளவுதான். உள்ள போனவன் போனவன்தான். வேலை ஓடுதாம்! எனக்குத் தெரியாதா வேலை ஓடுறது? இருபது வருஷமா சிலிண்டர் ஓட்டையைக் கடைஞ்சு இன்ஜின் போரிங் பண்றவன் நான். அந்தக் கதவுக்குப் பின்னாடி என்ன ஓடுது, எந்த வேகத்துல ஓடுது, கத்தி மழுங்கியிருக்கா இல்லையா... எல்லாம் இந்த பெஞ்சுல உக்காந்தபடியே சொல்லுவேன்.

கொஞ்சம் தள்ளி உக்காருங்களேன். இதை வைக்கணும். ம்ம்... மெதுவா. இல்ல இல்ல, சாப்பாடு இல்ல. துண்டுல சுத்தி வெச்சிருக்கேன். அப்புறம் காட்டுறேன். கை மட்டும் படாம பாத்துக்கோங்க.

உங்களுது என்ன? பழைய கார் இன்ஜின் பிளாக்கா? புகை அடிக்குதா? எண்ணெய் குடிக்குதா? ஆமா, சிலிண்டர் தேஞ்சா அப்படித்தான். நான் ஒண்ணு கேக்குறேன், தப்பா நினைக்காதீங்க. எதிர்ல பாருங்க. நீலக் கதவு, போர்டுல பாதி எழுத்து போய்... ஆங், அதுதான். அது நம்ம கடை. ரோட்டைத் தாண்டினா வந்துடலாம். அங்க வராம நேரா இங்க வந்து இறக்கியிருக்கீங்களே, யாரு சொன்னாங்க? ...யாரு, அந்த லேத்துக்காரனா? அவன் சொல்லுவான். வாயை வாடகைக்கு விட்டவன். என்னைப் பத்தி என்ன சொன்னான்? ...அட சும்மா சொல்லுங்க சார். நல்ல வேலைக்காரர்... சரி. ஆனா? ஆனான்னா என்ன ஆனா? ...பேச்சு ஜாஸ்தியா? நானா!

நல்லா இருக்கு. மனுஷன்னா நாலு வார்த்தை பேச மாட்டானா? ஊமைக்கிட்டயா வேலை கொடுப்பாங்க?

ஷ்ஷ்... கேளுங்க. கேக்குதா? ர்ர்ர்ன்னு ஒரே சீரா வருது பாருங்க. கத்தி இறங்குது. நாலாவது சிலிண்டர். மூணு முடிஞ்சுடுச்சு, நான் எண்ணிக்கிட்டுதான் இருக்கேன். நல்லாத்தான் பண்றான் படுபாவி. நான் சொல்லிக் கொடுத்ததாச்சே, நல்லா இல்லாம எப்படி இருக்கும்? அது யாரு பிளாக்குன்னு கேளுங்க. ...கேக்க மாட்டீங்களா? சரி, நானே சொல்றேன். என் பொண்ணோடது.

ரேஸ் ஓட்டுறா சார். ஆமா, பொண்ணுதான். ஏன், பொண்ணுங்க ஓட்டக் கூடாதா? இருபத்தி நாலு வயசு. ஸ்டியரிங்கைப் பிடிச்சாள்னா கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டு பாத்தாலும் எங்க திரும்பினாள்னு தெரியாது. அவ்வளவு நைஸா திருப்புவா. வண்டி அவளோடது இல்ல, ஒரு பெரிய மனுஷனோடது. இந்த ஞாயித்துக்கிழமை கடைசி ரேஸ். அன்னைக்கும் இன்ஜின் நின்னுச்சுன்னா அடுத்த வருஷம் வேற ஆளை உக்கார வெச்சுடுவேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டான். இன்னைக்கு வியாழக்கிழமை. நாளைக்கு ராத்திரிக்குள்ள இன்ஜினைப் பூட்டியாகணும். அப்பன் எதிர்க்கடையில மிஷினை வெச்சுக்கிட்டு குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கேன், பொண்ணு மாமன்கிட்ட கொண்டு வந்து பிளாக்கைக் கொடுத்திருக்கா! உள்ளயேதான் இருக்கா. மாமனுக்கு லைட் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. நான் வந்ததைப் பாத்தா. பாத்துட்டு குனிஞ்சுக்கிட்டா.

ஊர் சிரிக்குமா சிரிக்காதா, நீங்களே சொல்லுங்க.

என்ன ஆச்சுன்னா... உங்களுக்கு இந்த விஷயம் தெரியுமோ இல்லையோ, சொல்லிடுறேன். சிலிண்டர் ஓட்டை இருக்கு பாருங்க, அது உள்ள ஓடுற பிஸ்டனை விட கொஞ்சூண்டு பெருசா இருக்கணும். அந்தக் கொஞ்சூண்டு எவ்வளவுங்கறதுலதான் எங்க பிழைப்பே இருக்கு. ஒரு மில்லிமீட்டரை நூறாப் பிரிச்சா ஒரு பங்கு. அதை நாங்க ஒரு கோடுன்னு சொல்லுவோம். உங்க வண்டி மாதிரி கடைக்கும் வீட்டுக்கும் போற வண்டின்னா மூணு கோடு இடம் விட்டாப் போதும். ரேஸ் பிஸ்டன் அப்படி இல்ல. சூடாச்சுன்னா உப்பும். ஏழு கோடு விடணும். விடலைன்னா உப்பின பிஸ்டன் ஓட்டைக்குள்ள அப்படியே இறுகிடும். இன்ஜின் ஜாம்!

போன ரேஸ்ல அதுதான் ஆச்சு. மூணாவது ரவுண்டு. ரெண்டாவதா வந்துக்கிட்டிருந்தா சார் என் பொண்ணு! முன்னாடி ஒரே ஒரு வண்டிதான். நான் வேலியைப் பிடிச்சுக்கிட்டு கத்துறேன், பக்கத்துல இருந்தவன் காதைப் பொத்திக்கிட்டான். திடீர்னு பின்னாடி வெள்ளையா ஒரு புகை. சக்கரம் கிறீச்... அப்படியே ஓரமா ஒதுங்கி நின்னுடுச்சு. கயிறு கட்டி இழுத்துக்கிட்டு வந்தாங்க. இன்ஜினைப் பிரிச்சுப் பாத்தா நாலு சிலிண்டர்லயும் கீறல், கோடு கோடா. இப்போ நாலுக்கும் உள்ள ஸ்லீவ்னு புதுக் குழாய் அடிச்சு, புது பிஸ்டன் வாங்கி, முதல்லேருந்து போரிங் பண்றான் என் மச்சான்.

அந்த பிளாக்கை முதல்ல போரிங் பண்ணினது யாரா? ...நான்தான். ஆனா கேளுங்க, அவசரப்படாதீங்க! நான் போட்ட அளவு ஒரு கோடு தப்பில்ல. பிஸ்டன் அளவை எழுதிக் கொடுத்தது அவன். எழுபத்தாறரை மில்லிமீட்டர்னு சீட்டுல எழுதியிருந்தான். நான் அதோட ஏழு கோடு சேத்துப் போட்டேன். எழுபத்தாறு மில்லிமீட்டர், அம்பத்தேழு கோடு. கோடு கணக்கா அளக்குற மைக்ரோமீட்டரை வெச்சு ஒரு தடவைக்கு மூணு தடவை பாத்தேன். அப்போ தப்பு யாரு மேல? பிஸ்டனைத் தப்பா அளந்தவன் மேலயா, சொன்னபடி செஞ்சவன் மேலயா?

அவன் எதுக்கு அளந்தான்னு கேக்குறீங்களா? அது ஒரு பெரிய கதை சார். பாப்பா, அதான் என் பொண்ணு, பிஸ்டன் பெட்டியை எடுத்துக்கிட்டு நம்ம கடைக்குத்தான் வந்திருக்கா முதல்ல. நான் டீ குடிக்கப் போயிருந்தேன். ஒரு... ஒண்ணரை மணி நேரம் இருக்கும். டீக்கடைக்காரன் கூட, அவன் தம்பி வீடு கட்டுறான் பாருங்க, மாடிப்படியை எந்தப் பக்கம் வைக்கிறதுன்னு ஒரு பேச்சு. நான் இல்லைன்னா அந்தப் படி இன்னேரம் நேரா சமையல்கட்டுக்குள்ள இறங்கியிருக்கும். அது கிடக்கட்டும். இவ காத்திருந்து காத்திருந்து பாத்துட்டு, ரோட்டைத் தாண்டி மாமன்கிட்ட போய் அளந்துக்கிட்டு வந்துட்டா! சீட்டை எடுத்து நீட்டுறா. எனக்கு எப்படி இருக்கும்? "அப்பா, எதுக்கும் நீங்க ஒரு தடவை அளந்துக்கோங்கப்பா"ன்னா. எனக்கு வந்ததே கோவம்! "உங்க மாமா அளந்ததுக்கு அப்புறம் நான் எதுக்கும்மா அளக்கணும்? அவரு பெரிய விஞ்ஞானி!"ன்னு சொல்லிட்டு, பிஸ்டனைத் துணியைக் கூட பிரிக்காம, சீட்டைப் பாத்தே போட்டுட்டேன்.

இல்ல, வழக்கமா அப்படிப் பண்ண மாட்டேன். சத்தியமா. பிஸ்டனைக் கையில எடுத்து, என் மைக்ரோமீட்டர்ல அளந்து பாக்காம மிஷின்ல கையே வைக்க மாட்டேன். வர்றவன் போறவனுக்கெல்லாம் அதைத்தான் சொல்லுவேன்... டப்பாவுல எழுதியிருக்கறதை நம்பாதே, அடுத்தவன் சொல்றதை நம்பாதே, உன் கையால அள! தொண்டை கிழியச் சொல்லுவேன். அன்னைக்கு ஒரு நாள்தான்.

முன்னாடி நாங்க ஒண்ணாத்தான் இருந்தோம் சார். நானும் மச்சானும். ஒரே கொட்டகை, ஒரே போர்டு. ஒன்பது வருஷம். ஏன் பிரிஞ்சீங்கன்னு கேளுங்க. ஒரு நாள் காலையில காதுல பஞ்சு வெச்சுக்கிட்டு வேலைக்கு வர்றான்! நான் கேட்டேன், என்னடா காதுல பஞ்சு? மிஷின் சத்தம், காது வலிக்குதுங்கிறான். அன்னைக்குக் கரண்ட்டே இல்ல சார்! ஒரு மிஷின் ஓடலை! நானும் அவனும் மட்டும்தான் உக்காந்திருக்கோம். அப்போ அந்தப் பஞ்சு யாருக்கு? எனக்குப் புரியாதா? காதுல பூ சுத்தினா தாங்கலாம், காதுல பஞ்சு வெச்சா தாங்க முடியுமா? அன்னைக்கே சொல்லிட்டேன், பிரிச்சுக்கலாம்.

போரிங் மிஷின் எனக்கு. கிராங்க் ஷாஃப்ட் கடையிற மிஷின் அவனுக்கு; இப்போ ஓடுற போரிங் மிஷின் அவன் அப்புறம் வாங்கினது. ஸ்பானர்லேருந்து எண்ணெய் கேன் வரைக்கும் உனக்கு ஒண்ணு எனக்கு ஒண்ணு. கடைசியா மைக்ரோமீட்டர். அது ஒண்ணுதான் இருந்துச்சு. ரெண்டு பேருக்கும் அது மேல கண்ணு. அவன் மரப்பெட்டியைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கிறான், விட மாட்டேங்கிறான். நான் என்ன பண்ணினேன் தெரியுமா? பெட்டியைத் திறந்தேன். மைக்ரோமீட்டரை லபக்குன்னு எடுத்துக்கிட்டேன். "வெறும் பெட்டியை நீயே வெச்சுக்கோடா"ன்னேன்! மூஞ்சி போன போக்கைப் பாக்கணுமே... இன்னைக்கு நினைச்சாலும் சிரிப்பு வருது.

இதோ, இதுதான் அது. துண்டைப் பிரிக்கிறேன் பாருங்க. எப்படி இருக்கு? பதினோரு வருஷம் ஆச்சு, ஒரு பொட்டு துரு பிடிக்க விட்டேனா? சொந்தப் புள்ளை மாதிரி வெச்சிருக்கேன். கீழ கூட போட்டதில்ல... ஒரே ஒரு தடவை. அது கூட நான் போடலை, தானா பறந்துடுச்சு. டீக்கடைக்காரன் கேட்டான், யானை எவ்வளவு பெருசு இருந்துச்சுன்னு. வழியில யானையைப் பாத்த கதையைச் சொல்லிக்கிட்டிருந்தேன். இவ்வளவு பெருசுன்னு கையை விரிச்சேன், கையில இது இருந்தது ஞாபகம் இல்ல. சுவத்துல போய் அடிச்சுது. ஆனா ஒண்ணும் ஆகல. எடுத்துத் துடைச்சு அன்னைக்கே ரெண்டு பிளாக் போட்டேன். ரெண்டும் இன்னைக்கு வரைக்கும் ஓடுது.

என்ன மணி பாக்குறீங்க? இன்னும் நேரம் இருக்கு சார். நாலாவது முடியணும், அப்புறம் மெருகு போடணும், உங்களுதை எடுக்க சாயங்காலம் ஆகும். உக்காருங்க.

எங்க விட்டேன்? ஆங். ரேஸ் அன்னைக்கு. வண்டியை இழுத்துக்கிட்டு வந்து நிறுத்தியாச்சு. பாப்பா இறங்கி ஒரு டயர் மேல உக்காந்துட்டா. ஹெல்மெட்டைக் கழட்டும்மா, காத்து வாங்குன்னேன். கழட்டலை. சரின்னு நான் விளக்கிச் சொன்னேன். உங்க மாமன் அளவு தப்பு, அந்த பெட்ரோல் சரியில்ல, மூணாவது திருப்பத்துல நீ கொஞ்சம் முறுக்கிட்டே, ரேடியேட்டர் வேற சின்னது... ஒவ்வொண்ணா சொல்றேன். அரை மணி நேரம் இருக்கும். மச்சான் அந்தப் பக்கம் நிக்கிறான். ஒரு வார்த்தை பேசினான், ஒரே வார்த்தை. "மரப்பெட்டியில ராடு இருக்கு. மைக்ரோமீட்டரைக் கொண்டாந்து வெச்சுப் பாருங்க"ன்னான். உன் ராடே வளைஞ்சிருக்கும் போடான்னேன். எல்லாரும் பாத்தாங்க. அப்போதான் பாப்பா ஹெல்மெட் கண்ணாடியை மட்டும் மேல தூக்கினா. கண்ணு ரெண்டும்...

சரி, விடுங்க.

"அப்பா, கொஞ்ச நேரம் பேசாம இருங்கப்பா"ன்னா. கோவமாக் கூட சொல்லலை. கன்னத்துல ரெண்டு அறை விட்டிருந்தாத் தாங்கியிருப்பேன் சார். உள்ள அழுதுக்கிட்டு இருந்திருக்கா, அந்த அரை மணி நேரமும். நான் ரேடியேட்டரைப் பத்திப் பேசிக்கிட்டிருந்திருக்கேன். மறுநாள் சொல்லிட்டா: யாரு அளவு தப்புன்னு முதல்ல தெரியட்டும், அது வரைக்கும் என் இன்ஜின் பக்கம் வராதீங்க, ரேஸுக்கும் வராதீங்க. பத்து நாளாச்சு. வீட்டுல ஒரு ஈ பறந்தாக் கூட சத்தம் கேக்குது. அவ அம்மாவும் தம்பி பக்கம் சாஞ்சுட்டா. சோத்தை வெச்சுட்டு உள்ள போயிடுறா. நான் தட்டுக்கிட்டப் பேசிக்கிட்டிருக்கேன்.

அதான் இன்னைக்கு எடுத்துக்கிட்டு வந்துட்டேன். நிரூபிச்சுட்டா முடிஞ்சு போச்சு பாருங்க.

ராடுன்னா என்னவா? அது... இந்த மைக்ரோமீட்டர் கூடவே வர்ற ஒரு சின்ன இரும்புக் கம்பி. விரல் தடிமன்தான் இருக்கும். சரியா எழுபத்தஞ்சு மில்லிமீட்டர், முடியளவு கூடக் குறைய இருக்காது. மைக்ரோமீட்டர் நடுவுல அதை வெச்சா எழுபத்தஞ்சுன்னு காட்டணும். காட்டினா மைக்ரோமீட்டர் சரி. காட்டலைன்னா... காட்டும் சார். பெட்டிக்குள்ளயே அதுக்குன்னு ஒரு பள்ளம் இருக்கும், அதுல படுத்துக்கிடக்கும். பெட்டியைக் கொடுக்கும்போது அதையும் சேத்துக் கொடுத்துட்டேன். கவனிக்கலை. பேசிக்கிட்டிருந்தேன்.

ஆமா, பதினோரு வருஷமா வெச்சுப் பாக்கலை. எப்படிப் பாக்குறது? அவன்கிட்ட போய்க் கேக்கணும். நான் எதுக்குக் கேக்கணும்?

இருங்க... சத்தம் நின்னுடுச்சு. நாலாவதும் முடிஞ்சுது. சார், ஒரே ஒரு உதவி. உள்ள போனீங்கன்னா இடது பக்கம் அலமாரி, மேல் தட்டுல அந்த மரப்பெட்டி இருக்கும். நீங்க கேட்டா கொடுப்பான். எனக்குன்னு சொல்லாதீங்க. சும்மா பாக்கணும்னு... ஆங், போங்க. பையெல்லாம் எதுக்கு, இங்கயே வெச்சுட்டுப் போங்க, நான் பாத்துக்குறேன்... சரி, எடுத்துக்கிட்டே போங்க. உங்க இஷ்டம்.

...

சார்?

ஒரு பெட்டி எடுக்க இவ்வளவு நேரமா? என்ன மனுஷன். வாயைத் திறந்து கேட்டாத்தானே கொடுப்பாங்க. நானும் பாக்குறேன், வந்ததுலேருந்து ஒரு வார்த்தை முழுசாப் பேசலை...

பாப்பா? நீ எதுக்கும்மா கொண்டு வர்றே? அவரு எங்க? ...பின்பக்கமாப் போயிட்டாரா? நாளைக்கு வரேன்னாரா? அட, கதை பாதியிலதானே இருக்கு! சரி. வை. இங்க வை. உக்காரு. நிக்கிறியா? சரி, நில்லு.

உங்க மாமா சொல்லி அனுப்பினானா? இல்லையா? சரி சரி, பேசலை. பெட்டியைப் பாரேன், அப்படியே இருக்கு. இந்தா, ராடு. உடனே வைக்கக் கூடாது. கைச் சூட்டுல ஒண்ணு ரெண்டு கோடு மாறும். நான் வேற இவ்வளவு நேரம் கையிலயே வெச்சிருந்துட்டேன். பத்து நிமிஷம் ஆறட்டும். ரெண்டும் பெஞ்சு மேலயே கிடக்கட்டும். ...உன் அம்மா மத்தியானம் சாப்பிட்டாளா? ...சரி. பேசலைன்னு சொன்னேன்ல.

...

ஆறியிருக்கும். துடைச்சுக்குறேன். ரெண்டு முனையும். இப்படி நடுவுல... டிக், டிக், டிக். அவ்வளவுதான், திருகுல மூணு டிக். இப்போ... கண்ணாடியை மறந்துட்டு வந்துட்டேன். எழுபத்தஞ்சு. அதுக்கு மேல ஒண்ணு... ரெண்டு... நீ பாரு. உன் கண்ணு நல்ல கண்ணு. எவ்வளவு? ...தூசியா இருக்கும். இரு, இன்னொரு தடவை துடைக்கிறேன். டிக், டிக், டிக். இப்போ? ...நாலா.

நாலு கோடு ஜாஸ்தி காட்டுது.

ஏழு கோடு இடம் விட்டேன்னு நினைச்சு மூணுதான் விட்டிருக்கேன். உன் ரேஸ் வண்டிக்கு, கடைக்குப் போற வண்டி இடம்.

அந்த யானை... இல்ல, ஒண்ணுமில்ல.

பாப்பா, இத்தனை வருஷத்துல ஒரு பிளாக் திரும்பி வரலை. எப்படித் தெரியுமா? பிஸ்டனையும் இதாலயே அளப்பேன், ஓட்டைக்குள்ள விட்டுப் பாக்குற கேஜையும் இதாலயே அளப்பேன். இதுலயும் நாலு தப்பு, அதுலயும் நாலு தப்பு. கழிஞ்சு போயிடும். யாரு யாரோ வண்டியெல்லாம் ஓடிக்கிட்டிருக்கு. என் பொண்ணு வண்டிக்கு மட்டும்தான் வீம்பு பிடிச்சுக்கிட்டு பிஸ்டனைத் தொடாம போட்டேன். நீ அன்னைக்கே சொன்னே. அளந்துக்கோங்கப்பான்னு சொன்னே. நான்தாம்மா. உங்க மாமன் இல்ல, பெட்ரோல் இல்ல, நீ முறுக்கினது இல்ல. நான்தான்.

அவன் காதுல விழுந்திருக்குமா? மிஷினை வேற நிறுத்திட்டான்... விழட்டும். இந்தா, அந்தப் பெட்டியைத் திறந்து பிடி. பாத்தியா, எப்படி உக்காருது பள்ளத்துல. மூடு. கொண்டு போய் அவன்கிட்டயே கொடுத்துடு. எனக்கு வேண்டாம்.

நான் கிளம்புறேன். ஞாயித்துக்கிழமை நான் வரலை, நீ கவலைப்படாதே. வேலிக்கு வெளியில, தூரத்துல நின்னு... இல்ல, அதுவும் வேண்டாம். ரேடியோவுல சொன்னாக் கேட்டுக்குறேன்.

என்ன? ...யாரு கூப்பிடுறா, மாமாவா? ...நான் எதுக்கு? ...நாலு சிலிண்டரையும் நான் அளக்கணுமா? எதால அளக்கிறது, என்கிட்ட இருந்ததை இப்போதானே... அவனோடதாலயா? புதுசா? ராடு வெச்சுப் பாத்ததா? ...பிஸ்டனையும் நானே அளக்கலாமா? நாலையுமா? ...வரேன். வரேம்மா. இதோ வந்துட்டேன். முதல்ல துணியைப் பிரிச்சு பிஸ்டனை எடுக்கணும், அப்புறம் அடியிலேருந்து இவ்வளவு உயரத்துல... ஒரு காலத்துல இதே மாதிரி ஒரு பிளாக் வந்துச்சு, அதுல என்ன ஆச்சுன்னா...

என்ன? ...ஒரே ஒரு நிபந்தனையா? என்ன நிபந்தனை?

...

...ம்.